ஐந்து காசு உயர்வு: நாமக்கல் முட்டையும் ஒரு தொகுதிப் பண்ணையும்

சேலம், நாமக்கல் பக்கம் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கம்: "நாமக்கல்லில் முட்டை விலை 5 காசு உயர்வு." மறுவாரம் பத்து காசு சரிவு. 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-க்கு அப்புறம் செல்லாது. ஆனால் ஐந்து காசு எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்தாயிரம் கோழி வைத்திருக்கிறவர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து காசு என்றால் நாளுக்கு 450 ரூபாய். லட்சம் கோழிக்கு 4,500. விலை பட்டியல் வரும் நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

என் தாய்மாமா மோகனூர் பக்கம் பண்ணை வைத்திருந்தார். ஐயாயிரம் கோழி. 2002-ல் ஷெட் போட்டார், 2006-ல் மூடிவிட்டார். குடும்பத்தில் இதற்கு ஒரே விளக்கம்தான்: "அவனுக்கு ராசி இல்லை." கொஞ்சம் படித்த நாங்கள் அதையே வேறு மாதிரி சொன்னோம்: "மாமாவுக்கு டைமிங் தெரியலை." இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. அவர் கணக்கு எழுதிவைத்த நோட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கைக்கு வந்தது. அதைப் படிக்கும்போது எழுந்த கேள்விகளுக்கு விடை தேடியதுதான் இந்தக் குறிப்பு.

தள்ளிக்கொண்டே வளர்கிறவை

முதலில் கொஞ்சம் இயற்பியல்.

தட்டில் ஊற்றி ஆடாமல் வைத்த தண்ணீர் சமநிலையில் இருக்கிறது. வாய்க்காலில் மதகுக்கு முன்னால் ஒரு சுழி விழுமே, அது அப்படி இல்லை. அதுவும் அதே இடத்தில் அதே வடிவத்தில் மணிக்கணக்காக நிற்கும். ஆனால் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால்தான் அந்த வடிவம் இருக்கும். மடையை அடைத்தால் சுழி காணாமல் போய்விடும். இப்படி வரத்தும் செலவும் ஓடிக்கொண்டே இருப்பதால் மட்டும் நிற்கிற ஒழுங்குகளை ஆராய்ந்ததற்காகத்தான் இல்யா பிரிகோஜினுக்கு 1977-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. எண்ணெயை மெல்லிசாக ஊற்றி அடியில் சூடு ஏற்றினால், ஒரு அளவு வரைக்கும் ஒன்றும் தெரியாது. அந்த அளவைத் தாண்டினதும் எண்ணெய் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறைகள் உருவாகும். யாரும் வரைந்து கொடுக்கவில்லை.

இதில் இன்னொரு வகை உண்டு. உறுப்பினர்கள் நகராமல், வெறுமனே வளர்வதாலேயே கூட்டம் ஒழுங்குக்கு வருவது. குச்சி வடிவ பாக்டீரியாக்களைக் குறுகலான ஒரு தடத்தில் வளரவிட்டால், ஒவ்வொன்றும் நீண்டு, இரண்டாகப் பிரிந்து, பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே திசை பார்த்துப் படுத்துவிடும். இதை ஆய்வகத்தில் செய்தே காட்டியிருக்கிறார்கள். எந்த பாக்டீரியாவும் பக்கத்து பாக்டீரியாவிடம் யோசனை கேட்கவில்லை. வளர்ந்தது, இடம் போதவில்லை, தள்ளியது, அவ்வளவுதான்.

நாமக்கல் பண்ணைகளை நான் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். பண்ணைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒருவர் வளர்வது இன்னொருவரை விலை வழியாகத் தள்ளுகிறது.

மேட்டாங்காட்டில் கோழி

காவிரிக் கரையை விட்டு மேலே ஏறினால் நாமக்கல் பக்கம் பெரும்பாலும் மானாவாரி பூமி. சோளம், கம்பு, நிலக்கடலை, கிணறு இருந்தால் கொஞ்சம் வெள்ளாமை. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த ஊர். நெல்லுக்கு ஆகாத இந்த வறட்சி கோழிக்கு ஒத்துக்கொண்டது. சித்திரை வெயில் மட்டும்தான் சத்துரு. 1950களிலிருந்தே இங்கே லாரிக்கு பாடி கட்டும் தொழில் வளர்ந்திருந்தது. திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் என்று லாரிக்காரர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். லாரியில் சம்பாதித்தவர் பண்ணை போட்டார், பண்ணையில் சம்பாதித்தவர் லாரி வாங்கினார்.

இந்த லாரி விஷயம் முக்கியம். ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். லட்சம் கோழிக்கு 11 டன், அதாவது தினமும் ஒரு லாரி லோடு. கோடி கோழி என்றால் தினமும் 1,100 டன். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் வெளியூரிலிருந்து வரவேண்டும். முட்டை கேரளாவுக்கும் பெங்களூருக்கும் போகவேண்டும். சுழிக்கு வாய்க்கால் எப்படியோ, நாமக்கல்லுக்கு லாரி அப்படி. லாரி ஸ்டிரைக் வந்தால் நான்காவது நாளே பண்ணைக்குள் முட்டை வைக்க இடம் இருக்காது.

எழுபதுகளில் ஒயிட் லெகார்ன் வழிவந்த கலப்பினக் குஞ்சுகள் பரவின. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை போட்டால் பெரிது. இவை முந்நூறை நெருங்கின. ஆழ்கூளத்தில் தரையில் வளர்த்தது மாறி, எண்பதுகளில் கூண்டு முறை வந்தது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அப்போது இதெல்லாம் சேலம் மாவட்டம்; நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல்.

கோழிக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது

மாமாவின் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தது குஞ்சு இறக்கிய தேதி. மற்ற எல்லாத் தேதியும் அதிலிருந்துதான் எண்ணப்படுகிறது.

ஒரு நாள் வயதுக் குஞ்சு இறக்கினால் முதல் முட்டைக்குப் பதினெட்டு, இருபது வாரம் ஆகும். அதுவரை செலவு மட்டும்தான். முப்பது வார வாக்கில் உச்சம். நூறு கோழிக்குத் தொண்ணூறுக்கு மேல் முட்டை. அப்புறம் மெல்ல இறங்கி, எழுபது எண்பது வாரத்தில் கழித்துவிட வேண்டியதுதான். ஆக, இன்றைக்கு நல்ல விலை பார்த்துக் குஞ்சு எடுக்கிறவருக்கு ஐந்து மாசம் கழித்துத்தான் முட்டை வரும். வர ஆரம்பித்தால் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது. மில்லை ஒரு ஷிப்ட் நிறுத்தலாம், லாரியை ஷெட்டில் விடலாம். விலை சரியில்லை என்று கோழியிடம் சொல்ல முடியாது. முட்டையையும் குளிர்சாதனம் இல்லாமல் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது.

பார்க்கிற விலைக்கும் கையில் வரும் சரக்குக்கும் நடுவே இப்படித் தாமதம் இருந்தால் என்ன ஆகும் என்பது பழைய கேள்வி. 1920களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பன்றி விலையில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்தார்கள். விலை ஏறினால் எல்லோரும் பன்றி வளர்ப்பார்கள், எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வரும், விலை விழும், எல்லோரும் விடுவார்கள், மறுபடி ஏறும். 1938-ல் மொர்டெக்காய் எசக்கியேல் இதைச் 'சிலந்திவலைத் தேற்றம்' என்று எழுதினார். வரைபடம் போட்டால் சிலந்தி வலை மாதிரியே வரும்.

சரி, மனிதர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்களா? அலை தானாக அடங்காதா? இங்கேதான் வளர்ச்சி உள்ளே வருகிறது என்பது என் வாசிப்பு. பண்ணைகளின் எண்ணிக்கை அப்படியே இருந்து, கழித்த கோழிக்குப் பதில் கோழி என்று மட்டும் ஓடினால், ஆளுக்கு ஒரு மாசத்தில் குஞ்சு இறக்கி நாளடைவில் கலைந்து போகும், அலையும் தேயும். ஆனால் வளரும் தொழிலில் புது ஷெட் வருஷம் முழுக்கச் சீராக வருவதில்லை. விலை நன்றாக இருக்கும்போதுதான் புதியவர் வருகிறார், பழையவர் இன்னொரு ஷெட் போடுகிறார், பேங்கும் கடன் கொடுக்கிறது. எல்லாம் ஒரே சில மாசத்துக்குள். அதாவது ஒவ்வொரு முறையும் வளர்ச்சிதான் எல்லோர் கடிகாரத்தையும் ஒன்றாகத் திருப்பிவைக்கிறது. ஊஞ்சல் முன்னால் வரும்போதெல்லாம் ஒரு தள்ளு.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. சர்வர் ஒன்று விழுந்து எழுந்தால், காத்திருந்த எல்லா நிரலும் ஒரே நொடியில் வந்து மோதி அதை மறுபடி சாய்த்துவிடும். யாரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள்; எல்லோரும் ஒரே அறிகுறியை ஒரே நேரத்தில் பார்த்ததுதான் வினை. ஒவ்வொன்றும் சீட்டுக் குலுக்கின மாதிரி வெவ்வேறு நேரம் காத்திருந்து வரவேண்டும் என்று எழுதிவிடுவோம், சரியாகிவிடும். பண்ணைக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? காலி ஷெட்டுக்கும் வட்டி ஓடுகிறது.

1982

எண்பதுகளின் தொடக்கம் வரை விலை சொன்னது பெருநகர வியாபாரிகள். பண்ணைக்காரருக்கு முட்டையைப் பிடித்துவைக்க வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கோழி பெருகப் பெருக இந்தப் பிடி இறுகியது. 1981-ல் நாடு முழுக்கப் பண்ணைகள் நெருக்கடியில் இருந்தன. போட்ட செலவுக்கே விலை கட்டவில்லை.

ஐதராபாத்தில் 1971-ல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் தொடங்கியிருந்த டாக்டர் பி.வி. ராவ், சில பண்ணையாளர்களோடு ஊர் ஊராகப் போனார். முந்நூறுக்கு மேல் கூட்டங்கள். பேசிய விஷயம் ஒன்றுதான்: முட்டை நம்முடையது, விலையையும் நாமே சொல்லுவோம். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்.இ.சி.சி., பதிவானது. ஒவ்வொரு மண்டலத்திலும் பண்ணையாளர் குழு கூடி விலை அறிவிக்கும். வடக்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா, புரட்டாசி பிறக்கப் போகிறதா, ஐதராபாத்தில் என்ன விலை, பர்வாலாவில் என்ன விலை, கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் ஐந்து காசு ஏறும், இறங்கும். டிவியில் முட்டை சாப்பிடச் சொல்லி வந்த பழைய விளம்பரங்களும் இவர்களுடையதுதான்.

குஞ்சு விற்பவருக்குப் பண்ணை பிழைத்தால்தான் தொழில். அந்த அக்கறையும் இதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் கடலைக்கும் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் விலை சொல்ல முடியாத விவசாயி, முட்டைக்குச் சொன்னார். சின்ன விஷயம் இல்லை. ஊருக்குப் பத்துப் பண்ணை இருந்த காலத்தில் இது சாத்தியமில்லை, தேவையும் இல்லை. பெருகி, நெருங்கி, ஒருவரை ஒருவர் தள்ள ஆரம்பித்த பிறகுதான் வந்தது. எண்ணெயில் அறைகள் விழுந்த மாதிரி என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் முந்நூறு கூட்டத்துக்கு பஸ்ஸிலும் காரிலும் அலைந்தவர்களை எண்ணெய்த் துளி என்று சொல்வது நியாயம் இல்லை. சூடு தானாக ஏறியது. அறையைக் கட்டியது மனிதர்கள்.

அடுத்த மாற்றம் சத்துணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கியபோது தட்டில் முட்டை இல்லை. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாக ஏறி, 2010-ல் வாரம் ஐந்தானது. புரட்டாசி, கார்த்திகை என்று பார்க்காத, விலை ஏறினாலும் குறையாத ஒரு வாங்குபவர் தொழிலுக்குக் கிடைத்தார். அரசுப் பள்ளிக் குழந்தைக்கு முட்டை கிடைத்தது. சுழிக்குக் கீழே ஒரு நிலையான மடை கிடைத்தது.

மாமாவின் மூன்று தொகுதி

இவ்வளவும் சேர்ந்து அன்றாட ஆட்டத்தைக் குறைத்தன. பெரிய அலை போகவில்லை. அந்த அலை யாரைத் தூக்குகிறது, யாரை அமுக்குகிறது என்பதை நோட்டு காட்டியது.

மாமா 2002 நடுவில் முதல் தொகுதிக் குஞ்சு இறக்கினார். நல்ல விலை, கடனில் கொஞ்சம் அடைத்தார், வீட்டுக்கு ஓடு மாற்றினார். அந்தக் கோழியைக் கழித்துவிட்டு 2004 ஆரம்பத்தில் இரண்டாவது. அவரைப் போலவே பலபேரும் இறக்கியிருந்தார்கள் போல. அவர் கோழி உச்சத்தில் இருந்தபோது விலை அடியில் இருந்தது. அதிலும் அறிவிப்பு விலை கைக்கு வருவதில்லை. சரக்கு மிஞ்சும் காலத்தில் வியாபாரி 'மைனஸ்' போடுவார்: அறிவித்த விலையில் இவ்வளவு காசு கழித்துத்தான் எடுப்பேன் என்பது. நோட்டில் விலைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த மைனஸ் இருக்கிறது. பெரிய பண்ணைக்கு அது குறைவாக இருந்திருக்கும் என்பது மாமாவின் அனுமானம். தினம் ஒரு லாரி சரக்கு கொடுப்பவரை வியாபாரி இழக்கமாட்டார்.

மூன்றாவது தொகுதிக் குஞ்சு 2005 செப்டம்பரில். ஜனவரிக் கடைசியில் முட்டை வர ஆரம்பித்தது. 2006 பிப்ரவரி 18-ல், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் அந்த நோய் இல்லை. ஆனாலும் வளைகுடா நாடுகள் இந்திய முட்டையை நிறுத்தின, உள்ளூரிலும் ஜனங்கள் பயந்தார்கள், விலை அதலபாதாளத்துக்குப் போனது. கோழிக்குச் செய்தி தெரியாது. அது பாட்டுக்குத் தினம் முட்டை போட்டது. ஏப்ரலில் மாமா கோழியைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். இளம் கோழி, இன்னும் ஒரு வருஷம் முட்டை போடவேண்டியது. அத்தோடு நோட்டு முடிகிறது.

அந்த எண்களைக் கணினியில் ஏற்றி, பெரிய பண்ணை ஒன்றைக் கற்பனையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய பண்ணையில் பத்து ஷெட் இருந்தால் பத்து வயதில் கோழி இருக்கும். ஒரு மாசம் குஞ்சு, ஒரு மாசம் உச்சம், ஒரு மாசம் கழிப்பு; ஏதாவது ஒரு ஷெட் எப்போதும் நல்ல விலையைச் சந்திக்கும். அலையின் முழு நீளமும் அவருக்குக் கிடைக்கும், ஆகவே சராசரி விலை கிடைக்கும். எங்கள் தொழிலில் சீட்டுக் குலுக்கிச் செய்வதை அவர் ஷெட்களை வைத்துச் செய்துகொள்கிறார். மாமாவுக்கு ஒரே ஷெட், ஒரே தொகுதி. உச்சம் விழும் அந்த ஐந்தாறு மாசத்தில் அலை எங்கே இருக்கிறதோ அதுதான் அவர் விதி. நாலு வருஷத்துச் சராசரி விலையில் அவருடைய எல்லா முட்டையும் போயிருந்தால், வட்டி கட்டி, கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கணக்கு அப்படித்தான் வந்தது. தீவனத்திலோ, மருந்திலோ, கோழி சாவிலோ அவரிடம் குறை தெரியவில்லை. குடும்பம் ராசி என்றும் நான் டைமிங் என்றும் சொன்னது ஒரு தொகுதிப் பண்ணையின் அளவைத்தான்.

சின்னப் பண்ணைகள் குறைந்து பெரியவை பெருத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தீவன மில், மொத்தக் கொள்முதல், தானியங்கிக் கூண்டு என்று எல்லோரும் சொல்லும் காரணங்கள் இருக்கட்டும். ஒரே திறமையுள்ள இருவரில், ஆளுக்கு ஐந்து காசு வித்தியாசமே இல்லாமல் செலவு செய்தாலும், ஒரு ஷெட்காரர்தான் முதலில் விழுவார். விலையைச் சேர்ந்து சொன்னார்கள். குஞ்சு இறக்குவதைச் சேர்ந்து முடிவு செய்யவில்லை. பத்துச் சின்னப் பண்ணையாளர்கள் மாசத்துக்கு ஒருவராக முறை வைத்து இறக்கி, வருமானத்தைப் பகிர்ந்திருந்தால் பத்து ஷெட் பண்ணைக்குச் சமம். பங்காளிகளுக்குள் கிணற்றில் முறைத்தண்ணீர் எடுக்கத் தெரிந்த ஊர் இது. கடன் ஆளாளுக்குத் தனி, வட்டி தனி என்பதால் அது நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

போன பொங்கலுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் இந்த வரைபடத்தைக் காட்டினேன். இப்போது வேறொருவர் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறார். அங்கே பதினாலு ஷெட். மெதுவாகப் பார்த்தார்.

"ஏனுங் மாமா, தப்பு உங்க மேல இல்லீங். கணக்கே அப்படித்தான்."

"அது அப்பவே தெரியும் மாப்ளே. உங்கம்மாகிட்டச் சொல்லு."

சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்பு மை இருந்த பக்கங்களை மட்டும் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு நோட்டை எனக்குத் திருப்பித் தரவில்லை. பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிட்டார்.